மணி அடித்தால் மருந்து!

எங்கள் பெரியப்பா கும்பகோணம் பக்கத்தில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் முப்பத்தோரு வருஷம் கேஷியராக இருந்தவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார். கல்யாணப் பந்தியில் எத்தனை இலை, யாருக்கு இரண்டாவது ஜாங்கிரி விழுந்தது என்பதுவரை கணக்கு சொல்வார். ரிடையர் ஆன பிறகும் காலை ஆறு மணிக்கு டைம்பீஸ் அலாரம் அடித்தாக வேண்டும். "எந்த ஆபீஸுக்குப் போறீங்க?" என்று பெரியம்மா கேட்டால், "அது என் உடம்புக்கும் டைம்பீஸுக்கும் உள்ள ஒப்பந்தம்" என்பார்.

2015ல் அவருக்குப் புராஸ்டேட் கேன்சர் என்றார்கள். கண்டுபிடித்தபோதே அது முதுகெலும்பு வரை போயிருந்தது. ஊசி, மாத்திரை, கரண்ட் வைப்பது எல்லாம் ஒரு ரவுண்டு முடிந்தது. கடைசியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, இனிமே வலி இல்லாம பாத்துக்கறதுதான் முக்கியம். மார்ஃபின் எழுதித் தரேன்" என்றார்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பி.காம்., ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். மார்ஃபின் பற்றி எனக்கிருந்த ஞானம், சினிமாவில் வில்லன் சூட்கேஸில் பார்த்த வெள்ளைப் பவுடரோடு சரி. ஆனாலும் வீட்டில் 'படிச்ச பையன்' நான்தானே! தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"வேண்டாம் டாக்டர். அடிமையாயிடுவார்."

எழுபத்தோரு வயது. எலும்பெல்லாம் கேன்சர். இந்த மனிதர் அடிமையாகி என்ன செய்துவிடப் போகிறார்? பஸ் ஸ்டாண்டில் செயின் அறுப்பாரா? இந்தச் சின்னக் கேள்வி என் மண்டையில் உறைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு ராத்திரியும் பெரியப்பா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். படுத்தால் முதுகு பிளக்கும். சத்தம் போடவும் மாட்டார், தெருவில் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமாம். பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

பதின்மூன்றாவது நாள், திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு ரூமில் இருந்த மலப்புரத்துப் பையன் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னேன். மலையாளத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு தமிழில், "டாக்டர் தந்ததை நீ யாருடா வேண்டாம்னு சொல்ல? வலி உனக்கா, அவருக்கா?" என்றான். காலேஜ் நாட்களில் வாரா வாரம் நோயாளிகள் வீட்டுக்குத் தொண்டராகப் போய்வந்தவன் அவன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் ஒரே ரூம். பேசியதெல்லாம் கிரிக்கெட்டும் இன்கிரிமென்ட்டும்தான்.

(என்னடா, வாரப் பத்திரிகையில் சாவு சமாசாரம் எழுதுகிறானே என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள் ஸார். அடுத்த பக்கத்து ஜோக் எங்கேயும் ஓடிப்போகாது.)

அவன் திட்டியதில் ரோஷம் வந்து நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது ஒரு ஆஸ்பத்திரி சமாசாரம் மட்டுமல்ல, லண்டனில் ஆரம்பித்து ஊர் ஊராகக் கைமாறி வந்த ஒரு கைப்பக்குவம் என்று புரிந்தது.

லண்டனில் சிஸிலி சாண்டர்ஸ் என்று ஒரு அம்மணி. 1918ல் பிறந்தவர். நர்ஸாக வேலை பார்த்தவர். முதுகுவலி வந்து அந்த வேலையை விட நேர்ந்தது. ஆஸ்பத்திரியிலேயே சமூக சேவகியாகச் சேர்ந்தார். அங்கே போலந்திலிருந்து அகதியாக வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர், கேன்சரோடு படுத்திருந்தார். ஹோட்டல் வெயிட்டர். பெண்டாட்டி, பிள்ளை, சொந்தம், யாரும் கிடையாது. சாகப் போகிறவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1948ல் அவர் இறந்தபோது சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார், உன் கட்டடத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. மனை இல்லை, பிளான் இல்லை, அஸ்திவாரம் இல்லை. ஜன்னலுக்கு மட்டும் அட்வான்ஸ் வந்துவிட்டது! எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ளாத கணக்கு.

அந்த ஜன்னலைச் சுற்றிச் சுவர் எழுப்ப அவருக்குப் பத்தொன்பது வருஷம் பிடித்தது. நடுவில், நர்ஸும் சமூக சேவகியும் சொன்னால் டாக்டர்கள் காதில் வாங்கமாட்டார்கள், நீயே டாக்டருக்குப் படித்துவிடு என்று ஒரு சர்ஜன் யோசனை சொல்ல, முப்பது வயதுக்கு மேல் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து 1957ல் டாக்டரானார். நமக்கு முப்பது தாண்டினால் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதவே கை நடுங்குகிறது.

சாண்டர்ஸ் கண்ட விஷயம், கேட்டால் 'ப்பூ, இவ்வளவுதானா' என்று தோன்றும். அந்த நாளில் ஆஸ்பத்திரிகளில் வலி தாங்காமல் நோயாளி கத்தினால்தான் ஊசி போடுவார்கள். ஊசி வேகம் தணிந்ததும் மறுபடி வலி. மறுபடி கெஞ்சல். அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, 'பார், அடிமையாகிவிட்டான்' என்பார்கள் டாக்டர்கள். சாண்டர்ஸ் திருப்பிப் போட்டார். வலி வருமுன்பே மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேட்டாலும் கேட்காவிட்டாலும். வலி வருமோ என்ற பயமே போய்விட்டால் கெஞ்சலும் போய்விடும். லண்டன் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் நர்ஸுகள் அப்படிக் கொடுப்பதை முன்பே பார்த்திருந்தார். ஹாக்னி பகுதியில் செயின்ட் ஜோஸப்ஸ் இல்லத்தில் அதைச் செய்து, நோயாளிகளின் விவரத்தை வருஷக் கணக்கில் குறித்து வைத்து நிரூபித்தார். ஜெயிலில் 'மணி அடித்தால் சோறு' என்று கேலி பேசுவோமே, அதே மாதிரி 'மணி அடித்தால் மருந்து'!

1967ல் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. டாஸ்மாவின் ஜன்னல் வாசலருகே இருக்கிறது. சாண்டர்ஸ் 2005ல் தன் கடைசி நாட்களையும் அங்கேயேதான் கழித்தார்.

அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு: மொத்த வலி. உடம்பு வலி அதில் ஒரு பங்கு. மனக்கவலை, பணக்கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்கிற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் பாக்கி. இது எனக்குப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில்தான் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

லண்டனில் கற்றுக்கொண்டவர்கள் அவரவர் ஊருக்குக் கொண்டு போனார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நர்ஸிங் பள்ளியின் டீனாக இருந்த புளோரன்ஸ் வால்ட், பதவியை விட்டுவிட்டு, 1974ல் கனெக்டிகட்டில் அந்த நாட்டின் முதல் ஹாஸ்பிஸைத் தொடங்கக் காரணமானார். 1982ல் அமெரிக்க அரசு இதை முதியோர் இன்ஷூரன்ஸில் சேர்த்தது. ஆனால் நோயாளிக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்காது என்று டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். ஆறு மாதம் தாண்டியும் ஆசாமி உயிரோடிருந்தால்? ரெனியூவல்! குமாஸ்தா மூளை எல்லா தேசத்திலும் ஒன்றுதான்.

கனடாவில் மான்ட்ரியல் நகரத்து சர்ஜன் பால்ஃபர் மவுன்ட்டுக்கு வேறு சிக்கல். பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஹாஸ்பிஸ்' என்றால் அநாதைகளையும் ஏழைகளையும் தள்ளிவிடும் இடம் என்று அர்த்தம். பெயரைச் சொன்னாலே ஓடிவிடுவார்கள். அதனால் 1970களின் நடுவில் 'பாலியேட்டிவ் கேர்' என்று புதுப் பெயர் வைத்தார். லத்தீனில் 'பாலியம்' என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் அங்கி. நம் தமிழ்நாட்டு அரசு இதை 'வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவுச் சிகிச்சை' என்கிறது. போர்வை இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1986ல் உலக சுகாதார நிறுவனம் 'ஏணி' ஒன்றை வெளியிட்டது. முதல் படி பாரசிட்டமால், ஆஸ்பிரின் வகை. இரண்டாவது படி கோடீன் மாதிரி. அதற்கும் அடங்காத வலிக்கு மூன்றாவது படி, மார்ஃபின். முடிந்தவரை வாய்வழி, கடிகாரப்படி, ஏணிப்படி. இதைப் படிக்கப் பெரிய டிகிரி வேண்டாம். ஆனால் மூன்றாவது படியில் கால் வைக்க உலகத்தில் பாதிப் பேருக்கு மருந்து கிடையாதே!

இந்த இடத்தில்தான் ஆன் மெரிமன் வருகிறார். லிவர்பூலைச் சேர்ந்த டாக்டரம்மா. 1980களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, அங்குள்ள மருந்தாளுநர்களோடு சேர்ந்து ஒரு சுலபமான பக்குவம் செய்தார். மார்ஃபின் பவுடரைத் தண்ணீரில் கரை, கெட்டுப் போகாமல் இருக்க ஒரு மருந்து சேர், அவ்வளவுதான். 1993ல் ஆப்பிரிக்காவில் உகாண்டாவுக்குப் போனார். எய்ட்ஸ் அந்த நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். கையில் சின்னக் குழு, சில மாதங்களுக்கு மட்டும் போதுமான பணம். பவுடர் மார்ஃபினை இறக்குமதி செய்ய அரசு சம்மதிக்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட முதல் நிபந்தனை. சம்மதித்தார்கள்.

கம்பாலாவில் அவர்கள் கரைத்த மருந்து காலி மினரல் வாட்டர் பாட்டில்களில் போயிற்று. வீரியம் மாறிப் போய்விடக்கூடாது என்று சாயம் கலந்தார்கள்: லேசானதற்குப் பச்சை, கடுமையானதற்கு பிங்க். படிக்கத் தெரியாத பாட்டிகூடப் பேரனுக்குச் சரியான பாட்டிலை எடுத்துக் கொடுக்கலாம். சரி, யார் எழுதிக் கொடுப்பது? கிராமத்தில் டாக்டர் ஏது? 2004ல் உகாண்டா சட்டத்தையே திருத்தியது. இதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸுகள் மார்ஃபின் எழுதித் தரலாம். வேறு பல நாடுகளுக்கு அப்போது அந்தத் தைரியம் வரவில்லை. ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளிலிருந்து உகாண்டாவுக்கு வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸ் கொடுத்து அபின் செடி வளர்க்கிற தேசம் நம்முடையது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் தொழிற்சாலை நடத்துகிறது. ஏற்றுமதியும் உண்டு. ஆனால் 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, உள்ளூர் ஆஸ்பத்திரி ஒரு டப்பா மார்ஃபின் மாத்திரை வாங்கப் பல லைசென்ஸ் வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. கணக்கில் ஒரு மாத்திரை உதைத்தாலும் ஜெயில் பயம். நாமேன் வம்பில் மாட்டுவானேன் என்று ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே நிறுத்தின. வயலில் விளைந்தது கப்பலேறியது. வார்டில் இருந்தவன் கத்தினான். 2014ல்தான் பார்லிமென்ட் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒரே இடத்தில் அனுமதி வாங்கினால் போதும் என்று வழி செய்தது.

அந்தச் சட்டம் கெடுபிடியாக இருந்த காலத்திலேயே கோழிக்கோட்டில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அங்கே மெடிக்கல் காலேஜில் மயக்க மருந்து டாக்டராக இருந்தவர் எம்.ஆர். ராஜகோபால். நாக்கில் கேன்சர் வந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார். வெற்றி! இனி வரவேண்டாம், இதற்கு மேல் சிகிச்சை கிடையாது என்றும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்குப் போன அந்த ஆசிரியர் உயிரை மாய்த்துக்கொண்டார். தனக்கு நோய் குணமாகாது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்பதை அந்த டாக்டர் ஒளிக்காமல் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் வாங்கிய பத்மஸ்ரீயைவிட (2018) இது பெரிதாகத் தோன்றுகிறது.

1993ல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் சேர்ந்து கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டிலிருந்து ராபர்ட் ட்வைகிராஸ் வந்து சொல்லிக் கொடுத்தார். செயின்ட் கிறிஸ்டோபர்ஸில் மார்ஃபின் ஆராய்ச்சி செய்தவர் அவர். ஆனால் லண்டன் மாதிரியை அப்படியே காப்பியடித்தால் இங்கே செல்லாது. கட்டில், கட்டடம், தோட்டம் என்று போனால் எத்தனை பேருக்குக் கட்டுபடியாகும்? அதனால் கட்டடத்தை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தார்கள். மலப்புரத்தில் ஆட்டோ டிரைவர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், காலேஜ் பையன் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பயிற்சி. தன் தெருவில் படுத்த படுக்கையாக யார் என்று கண்டுபிடிக்க வேண்டியது தொண்டர் வேலை. மருந்து நர்ஸும் டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள். சில வீட்டில் மருந்தைவிட அரிசி அவசரம், அதுவும் போகும். செலவுக்கு ஊர்க்காரர்களின் சின்னச் சின்ன நன்கொடை. 2008ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். இப்போது வெளிநாட்டு டாக்டர்கள் கோழிக்கோட்டுக்கு வந்து பாடம் படிக்கிறார்கள். வட்டியோடு திருப்பிக் கொடுப்பது என்றால் இதுதான்.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். என் பயம் முழு முட்டாள்தனம் அல்ல. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் இதே குடும்பத்து வலி மாத்திரைகளை முதுகுவலி, பல்வலிக்கெல்லாம் விளம்பரம் செய்து விற்று, லட்சக்கணக்கானவர்கள் அதனால் செத்தார்கள். கையாளத் தெரிய வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். ஆனால் அந்த அமெரிக்கப் பூச்சாண்டியைக் காட்டி கும்பகோணத்துக் கிழவருக்கு மாத்திரை மறுப்பது, ஊரில் ஒருவனுக்குச் சர்க்கரை என்று கேட்டுவிட்டுப் பட்டினி கிடப்பவனுக்குச் சோறு போடாத கதை.

'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த குழு 2017ல் ஒரு கணக்கு போட்டது. பி.காம். படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு நின்றது. உலகத்தில் ஓர் ஆண்டில் விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்து சுமார் 298.5 டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். அதாவது நூறு கிலோ. அரிசி மண்டியில் இருபத்தைந்து கிலோ மூட்டை நாலு!

இன்னொரு கணக்கும் உண்டு. 2010ல் பாஸ்டனில் நுரையீரல் கேன்சர் முற்றிய 151 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு இந்த ஆதரவுச் சிகிச்சையையும் ஆரம்பத்திலிருந்தே பெற்றவர்கள் நடுவாக 11.6 மாதம் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். 'எல்லாம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்' என்று இதைக் கடைசிக்குத் தள்ளுகிறோமே, அதுவே நஷ்டக் கணக்கு.

நெதர்லாந்து விவகாரம் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கீஸ் வெல்ட்போர் என்று ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். 2006ல் ஒரு நோயாளியை ஏற்றிப் போகும்போது, எங்கேயாவது போக ஆசையா என்று கேட்டார். கடலில் வேலை பார்த்த அந்த மனிதர், கடைசியாக ஒரு தடவை கப்பல்களைப் பார்க்க வேண்டும் என்றார். டிரைவர் லீவு நாளில் ஆள் பிடித்து, ஸ்ட்ரெச்சரோடு அவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார். 2007ல் இதற்கென்றே ஆசை ஆம்புலன்ஸ் அமைப்பு உருவாயிற்று. மியூஸியத்தில் ரெம்பிராண்ட் ஓவியத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பார்க்கிறவர்கள், கடற்கரை மணலில் கட்டிலோடு காற்று வாங்குகிறவர்கள்... எவரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. வீட்டைப் பார்க்கணும், கடலைப் பார்க்கணும்.

சரி, திண்ணைக்கு வருகிறேன்.

பதினான்காவது நாள் டாக்டரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை; அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார்.

"ஐயா, வலி பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"பத்துக்குப் பதினொண்ணு" என்றார் பெரியப்பா.

மாத்திரை எப்படி என்று நர்ஸம்மா பெரியம்மாவுக்குச் சொன்னார். காலை ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு. ராத்திரி பத்துக்கு மட்டும் இரண்டாகப் போட்டால் நடுராத்திரி எழுப்ப வேண்டாம். கூடவே மலமிளக்கி கட்டாயம். மார்ஃபின் வயிற்றைக் கட்டிப்போடும். "பாங்க்ல டெபாசிட் மட்டும் போதாதும்மா, வித்டிராயலும் இருக்கணும்" என்று பெரியப்பாவே விளக்கம் கொடுத்தார். ஒரு மாதத்தில் அவர் சொன்ன முதல் ஜோக்.

டைம்பீஸுக்கு மறுபடி வேலை வந்தது. அன்று ராத்திரி பெரியப்பா படுத்தார். உட்கார்ந்தபடி அல்ல, படுத்தார். ஆறு மணி நேரம் தூங்கினார். பெரியம்மா இரண்டு தடவை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். காலையில் நர்ஸம்மா போனில் கேட்டதற்கு, "நாலரை" என்றார். கேஷியராயிற்றே, அரை மார்க்கைக்கூட விடுவாரா?

இரண்டாவது வாரம் நர்ஸம்மா வந்தபோது, "வேற என்ன கவலைய்யா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் உத்திரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கூட வேலை பார்த்தவருக்கு சொசைட்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாராம். அவர் சரியாகக் கட்டவில்லை. தான் போனபிறகு பெரியம்மாவுக்கு நோட்டீஸ் வருமோ என்று அதையே எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். மொத்த வலி!

இது என் சப்ஜெக்ட். மறுநாளே சொசைட்டிக்குப் போய் லெட்ஜரைப் பார்த்தேன். பாக்கி பதினெட்டாயிரத்துச் சொச்சம். அந்த நண்பரையே கூட்டிவந்து பாதியைக் கட்டவைத்து, மீதியை நான் போட்டு, கணக்கு முடிந்தது என்று ரசீதும் கடிதமும் வாங்கிப் பெரியப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஏண்டா, இந்த மாத்திரையை முதல்லயே குடுத்திருக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டார். டாக்டர் தாமதம் செய்தார் என்று நினைத்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு நாற்பத்தோரு நாள் இருந்தார். வெயில் தாழ்ந்ததும் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு, வருகிறவர் போகிறவரிடம் அரசியல் பேசினார். பெரியம்மாவோடு சீட்டு ஆடி மூன்று ரூபாய் ஜெயித்தார். ஒரு நாள் சாயங்காலம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா ரெஜிஸ்டரைத் திறந்தார். கடைசியாகக் கொடுத்தது 60. நாள் ஒன்றுக்கு ஆறு வீதம் ஏழு நாளைக்கு 42. எட்டாவது நாள் ஆறு, பத்து, ரெண்டு, ஆறு என்று நாலு. ராத்திரி பத்து மணி டோஸுக்கு அவர் இல்லை. மீதி 14 இருக்க வேண்டும்.

மேஜைமேல் கொட்டி இரண்டு பேரும் எண்ணினோம். பதினாலு இருந்தது. நர்ஸம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.